மின்னேற்றம் முடியும் நேரமே கவனிக்க வேண்டிய நேரம்: ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிகளைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளிலும் மாதவரம், செங்குன்றம் பக்கத்திலும் உள்ள கிடங்குகளில் சரக்கு அடுக்கும் மின் ஃபோர்க்லிஃப்ட்டுகள் பல இன்னமும் ஈய-அமில பேட்டரியில்தான் ஓடுகின்றன. ஷிஃப்ட் முடிந்ததும் வண்டியைக் கொண்டுவந்து சார்ஜரில் மாட்டுவதும், அடுத்த ஷிஃப்ட் தொடங்குமுன் கழற்றி எடுத்துச் செல்வதும் அங்கே அன்றாட வேலை. மாட்டும்போது ஓட்டுநர் ஓரளவு நிதானமாக இருக்கிறார். கழற்றும்போது லாரி காத்திருப்பதால் அவசரப்படுகிறார். உண்மையான ஆபத்து இதற்கு நேர் எதிரான வரிசையில் இருக்கிறது. காலியான பேட்டரியைச் சார்ஜரில் மாட்டும் நேரத்தில் எரியும் வாயு மிகக் குறைவாகவே வெளிவருகிறது. பேட்டரி நிறைந்து வரும் கடைசி ஒன்றிரண்டு மணி நேரத்திலும், சார்ஜர் நின்ற பிறகு சிறிது நேரத்திற்கும்தான் அதைச் சுற்றி வெடிக்கக்கூடிய வாயு மிகுந்திருக்கும். மின்னேற்றும் இடத்தை அமைப்பது, ஆட்களைப் பழக்குவது, வேலை நேரத்தை வகுப்பது ஆகிய அனைத்தையும் இந்த ஓர் உண்மையை மையமாக வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

கடைசி மணி நேரத்தில் என்ன நடக்கிறது

ஒரு ஈய-அமில செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 2 வோல்ட். 48 வோல்ட் பேட்டரியில் இப்படி 24 செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மின்னேற்றத்தின்போது ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தமும் மெல்ல உயர்ந்து ஏறத்தாழ 2.4 வோல்ட்டைத் தொடும்போது, உள்ளே செலுத்தப்படும் மின்சாரத்தின் பெரும்பகுதி தகடுகளில் சேமிப்பாவதற்குப் பதிலாகத் தண்ணீரைப் பிரிக்கத் தொடங்குகிறது. எதிர்த்தகட்டில் ஹைட்ரஜனும் நேர்த்தகட்டில் ஆக்சிஜனும் குமிழிகளாகக் கிளம்புகின்றன. பேட்டரி "கொதிக்கிறது" என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் அதன் அளவு 4 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பற்றும். அங்கிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவிலும் எரியக்கூடியது. அதைப் பற்றவைக்கத் தேவைப்படும் ஆற்றல் மிக மிகக் குறைவு என்பதால், கனெக்டரை இழுக்கும்போது எழும் சிறு பொறியோ, பாலியஸ்டர் சட்டையில் சேர்ந்த நிலைமின்சாரமோகூடப் போதும்.

எவ்வளவு வாயு வருகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். வாயு கிளம்பும் கட்டத்தில் ஒரு செல்லுக்குள் செல்லும் ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் (ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாயும் அளவு) ஏறத்தாழ 0.42 லிட்டர் ஹைட்ரஜன் உண்டாகிறது. 48 வோல்ட், 600 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுக்கு இறுதிக்கட்டத்தில் 30 ஆம்பியர் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், 24 செல்களிலிருந்தும் மணிக்கு ஏறத்தாழ 300 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட மூடிய அறையின் கொள்ளளவு 30,000 லிட்டர். ஒரே ஒரு பேட்டரி அந்த அறையின் காற்றில் ஒரு மணி நேரத்தில் 1 சதவீத ஹைட்ரஜனைச் சேர்த்துவிடும். மூன்று பேட்டரிகள் ஒன்றாக அந்தக் கட்டத்தை எட்டினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் தீப்பற்றும் அளவு வந்துவிடும். இதுவும் வாயு அறை முழுவதும் சமமாகப் பரவுவதாகக் கொண்ட கணக்குதான். உண்மையில் அது நேராக மேலே எழுந்து கூரையடியில் தங்குவதால், அங்கே அந்த அளவு இன்னும் முன்னதாகவே வந்துவிடக்கூடும்.

இடத்தை அமைக்கும்போது

நம் வீடுகளில் சமையல் எரிவாயுவுக்குப் பழகிய எச்சரிக்கை இங்கே தவறான திசையில் கொண்டுபோய் விடும். எல்பிஜி கனமானது, தரையில் படியும். ஹைட்ரஜன் காற்றைவிட மிகவும் இலேசானது, மேலே போகும். ஆகவே காற்று உள்ளே வரும் வழி தரைக்கு அருகிலும், வெளியேறும் வழி எதிர்ப்புறத்தில் கூரைக்கு அருகிலும் இருக்க வேண்டும். தகரக் கூரைக் கிடங்குகளில் பொருத்தும் சுழல் காற்றுப்போக்கிகள் மின்னேற்றும் பகுதிக்கு நேர் மேலே இருந்தால் நல்லது. பொய்க்கூரை வேண்டவே வேண்டாம். கான்கிரீட் கூரையில் உத்தரங்களுக்கு இடையே உள்ள பள்ளங்களில் வாயு தேங்கி நிற்கும் என்பதால், வெளியேறும் துவாரம் உத்தரத்தின் அடிமட்டத்திற்குக் கீழே இருந்தால் பயனில்லை.

தேவையான காற்றோட்டத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்று பன்னாட்டுத் தரநிலைகளில் உள்ளது: செல்களின் எண்ணிக்கையை வாயு கிளம்பும் கட்டத்தின் ஆம்பியரால் பெருக்கி, அதை 0.05 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்பது கிடைக்கும். மேற்சொன்ன பேட்டரிக்கு 24 × 30 × 0.05, அதாவது மணிக்கு 36 கன மீட்டர். மூன்று பேட்டரிகளுக்கு 108 கன மீட்டர். இதில் ஐந்து மடங்கு பாதுகாப்பு இருப்பு சேர்க்கப்பட்டிருப்பதால், இந்த அளவு காற்று உண்மையிலேயே ஓடினால் ஹைட்ரஜன் 1 சதவீதத்திற்குக் கீழேயே நிற்கும். மின்விசிறி இல்லாமல் இயற்கைக் காற்றோட்டத்தை நம்புவதானால், அந்தக் கன மீட்டர் எண்ணை 28 ஆல் பெருக்கினால் வரும் சதுர சென்டிமீட்டர் பரப்பு உள்வழிக்கும் வெளிவழிக்கும் தனித்தனியே வேண்டும். மூன்று பேட்டரிகளுக்கு இது ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் துவாரம் இரண்டு. இறுதிக்கட்ட மின்னோட்டம் சார்ஜருக்குச் சார்ஜர் மாறும். உங்கள் சார்ஜரின் கையேட்டில் உள்ள எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் அதன் மோட்டார் வாயு செல்லும் பாதையில் பொறி உண்டாக்காத வகையாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமான ஏற்பாடு, ஃபேன் ஓடாவிட்டால் சார்ஜரும் ஓடாதபடி இரண்டையும் ஒரே மின்கட்டுப்பாட்டில் இணைத்துவிடுவது. மின்வெட்டுக்குப் பிறகு ஜெனரேட்டரில் சார்ஜர் மட்டும் உயிர்பெற்று ஃபேன் நின்றே கிடப்பது, மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை இறக்கிவிடுவது, வார விடுமுறையில் காவலர் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஃபேனை நிறுத்துவது ஆகியவை யாரும் தீய எண்ணத்தோடு செய்பவை அல்ல. ஆனால் வாரம் ஒருமுறை செய்யும் சமநிலை மின்னேற்றத்தைப் பெரும்பாலும் அந்த விடுமுறை நாளில்தான் வைக்கிறோம். செல்கள் அனைத்தையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருவதற்காக நீட்டிக்கப்படும் அந்த மின்னேற்றத்தில்தான் வாயுவும் மிக அதிக நேரம் வெளிவருகிறது. ஆள் இல்லாத, காற்று இல்லாத நாளில் அதிக வாயு என்னும் இந்தச் சேர்க்கையை உடைப்பது மேற்பார்வையாளரின் பொறுப்பு.

சார்ஜர், சுவிட்ச், பிளக் பாயின்ட் ஆகியவை பேட்டரிக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. பேட்டரியைச் சுற்றி அரை மீட்டர் தூரத்திற்குள் பொறியோ சுடரோ சூடான பொருளோ வரவே கூடாது. வெல்டிங், கிரைண்டிங் வேலைகளை அந்தப் பகுதியிலேயே அனுமதிக்க வேண்டாம். அட்டைப் பெட்டிகளையும் மரப் பலகைகளையும் "இடம் சும்மாதானே இருக்கிறது" என்று அங்கே அடுக்குவதும் அதே வகைத் தவறு.

மாட்டும்போது

சரக்கைத் தூக்கும் முள்கரங்களைத் தரையில் இறக்கி, கை பிரேக் போட்டு, சாவியை எடுத்த பிறகே பேட்டரியின் பக்கம் போக வேண்டும். வண்டியின் இருக்கையையோ பேட்டரி மூடியையோ முழுவதும் திறந்து வைப்பது கட்டாயம், ஏனெனில் மூடி சாத்தியிருந்தால் வாயு வண்டிக்குள்ளேயே தேங்கும். செல்களின் மேலுள்ள சிறு அடைப்பான்களைப் பற்றி ஒரு தவறான பழக்கம் பரவலாக இருக்கிறது: "வாயு போகட்டும்" என்று அவற்றையும் திறந்து விடுகிறார்கள். அவற்றிலேயே வாயு வெளியேறத் துளைகள் உண்டு; தயாரிப்பாளர்களின் கையேடுகள் பொதுவாக அவற்றை மூடியே வைக்கச் சொல்கின்றன. திறந்து வைத்தால் அமிலத் துளிகள் வெளியே தெறிக்கும், தூசி உள்ளே விழும்.

அடுத்துச் சார்ஜரின் பெயர்ப்பலகையையும் பேட்டரியின் பெயர்ப்பலகையையும் ஒப்பிட வேண்டும். மின்னழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். சார்ஜரில் குறித்துள்ள ஆம்பியர்-மணி வரம்புக்குள் பேட்டரியின் திறன் அடங்க வேண்டும். கனெக்டர்களின் நிறங்களும் உள்ளே இருக்கும் குறியீட்டு முளைகளும் தவறான இணைப்பைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டவை. கனெக்டர் பொருந்தவில்லை என்று அந்த முளையை வெட்டிவிட்டு மாட்டுபவர், 24 வோல்ட் பேட்டரிக்கு 48 வோல்ட் சார்ஜரை இணைக்கும் வாசலைத் திறந்துவிடுகிறார். கேபிளின் மேலுறை வெடித்திருந்தாலும், கனெக்டரின் உள்முனைகள் கறுத்தோ உருகியோ இருந்தாலும் அன்றைக்கு அந்த வண்டியைச் சார்ஜரில் போடக் கூடாது.

வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். சென்னையின் மே மாதப் பகலில் முழு ஷிஃப்ட் ஓடிய பேட்டரியின் அமிலம் கையால் தொடும் பெட்டியைவிடச் சூடாக இருக்கும். மின்னேற்றம் அதை மேலும் 10 டிகிரி அளவுக்கு உயர்த்தக்கூடும். அமிலம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் ஆறவிட்டே தொடங்க வேண்டும். பேட்டரியை 80 சதவீதத்திற்கு மேல் காலியாக்காமல் கொண்டுவருவது அதன் ஆயுளுக்கும் நல்லது, சூட்டைக் குறைப்பதற்கும் உதவும்.

கழற்றும்போது

இங்கேதான் அதிகக் கவனம் தேவை. சார்ஜர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கனெக்டரை இழுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் நேர்மின்னோட்டம் முனைகளுக்கிடையே வில்பொறியாகத் தாவும். அந்த நொடியில் சுற்றிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. முகம் கனெக்டருக்கு மேலே குனிந்திருக்கிறது. ஆகவே முதலில் சார்ஜரின் நிறுத்து பொத்தானை அழுத்தி, ஆம்பியர் சுழியத்திற்கு இறங்கியதைப் பார்த்த பிறகே கழற்ற வேண்டும். கைப்பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும், கேபிளைப் பிடித்து அல்ல.

சார்ஜரில் பச்சை விளக்கு எரிவது பேட்டரி நிறைந்துவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. வாயு போய்விட்டது என்று அது சொல்லவில்லை. தகடுகளில் ஒட்டிய குமிழிகளும் செல்களின் மேற்பகுதியில் தங்கிய வாயுவும் அதன் பிறகும் வெளிவந்துகொண்டிருக்கும். மின்னேற்றம் முடிந்து குறைந்தது அரை மணி நேரமாவது மூடியைத் திறந்தே வைத்து, ஃபேனையும் ஓடவிட வேண்டும். எட்டு மணி நேரம் ஓட்டம், எட்டு மணி நேரம் மின்னேற்றம், எட்டு மணி நேரம் ஆறுதல் என்று ஈய-அமில பேட்டரிக்கு வகுக்கப்பட்ட பழைய முறைக்குப் பின்னால் இந்தக் காரணமும் உண்டு. ஷிஃப்ட் அட்டவணையைப் போடுபவர் காலை ஆறு மணிக்கு வண்டி வேண்டுமென்றால், மின்னேற்றம் ஐந்தரைக்கு முன்பே முடியும்படி இரவே மாட்டச் சொல்ல வேண்டும். அதைவிட்டு ஓட்டுநரிடம் "பொறுமையாகக் கழற்று" என்று அறிவுரை சொல்வதில் பலன் குறைவு.

பேட்டரியின் மேற்புறத்தை உலர்ந்த துணியால், குறிப்பாகச் செயற்கை இழைத் துணியால், தேய்க்கக் கூடாது. ஈரமான பருத்தித் துணியே பயன்படுத்த வேண்டும். நிலைமின்சாரத்தைத் தவிர்க்க, பேட்டரியைத் தொடுமுன் தரையிணைப்புள்ள உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டுவிட்டு வருவது நல்ல வழக்கம்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் அல்ல. ஏதோ ஒரு செல் மிகையாகச் சூடேறி ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு வருவதன் அடையாளம். கனெக்டரைத் தொடாமல், முதன்மை மின்சுவிட்ச்சில் சார்ஜரை நிறுத்திவிட்டு, ஆட்களை வெளியேற்றி, காற்றோட்டத்தைக் கூட்டி, பேட்டரி ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

தண்ணீரும் அமிலமும்

வாயுவாகப் பிரிந்து போவது தண்ணீர் என்பதால் ஈடுசெய்ய வேண்டியதும் தண்ணீரே. அமிலம் ஒருபோதும் ஊற்றக் கூடாது. மின்னேற்றம் முடிந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். மின்னேற்றத்தின்போது அமிலம் சூட்டாலும் குமிழிகளாலும் பொங்கி உயரும்; முன்னதாகவே நிரப்பியிருந்தால் அது வழிந்து செல்கள் அடங்கிய இரும்புத் தொட்டியையும் தரையையும் அரிக்கும். தகடுகளின் மேல்விளிம்பு வெளியே தெரிகிறது என்றால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முதலில் கொஞ்சம் விட்டு மின்னேற்றத்தைத் தொடங்கலாம்.

டிஸ்டில்ட் வாட்டர் அல்லது கனிமம் நீக்கிய தண்ணீர் மட்டுமே ஏற்றது. குடிக்க வரும் கேன் தண்ணீரில் உப்புகள் இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது; செம்புக் குழாய்களும் தூசி படிந்த சுருள்களும் கடந்து வருவதால் அதிலும் உலோக மாசுகள் கலந்திருக்கும். அவை பேட்டரியைத் தானாகவே காலியாக்கி, வாயு வெளிவருவதையும் கூட்டுகின்றன. தண்ணீரை இரும்பு வாளியில் வைக்காமல் பிளாஸ்டிக் பாத்திரத்தில் வைக்க வேண்டும். அமிலத்தின் அடர்த்தியைப் பார்க்கும்போது முழுமையாக நிறைந்த செல்லில் ஹைட்ரோமீட்டர் ஏறத்தாழ 1.28 காட்டும், 80 சதவீதம் காலியான நிலையில் 1.15க்குப் பக்கத்தில் இறங்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் அதைக் குறித்து வைத்து நிபுணரை அழைக்க வேண்டும்.

இந்த வேலைகளின்போது முகம் முழுவதையும் மறைக்கும் கேடயம், அதற்குள் இரசாயனக் கண்ணாடி, ரப்பர் கையுறை, ரப்பர் மேலாடை, பூட்ஸ் ஆகியவை தேவை. மோதிரம், காப்பு, கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். 48 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்ற எண்ணத்தில் பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். ஆனால் இரு முனைகளுக்கிடையே ஸ்பேனரோ காப்போ விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். உலோகம் நொடியில் பழுத்து, விரலைச் சுற்றி இருந்தால் எலும்பு வரை சுடும். கருவிகள் காப்புறை போட்டவையாக இருக்க வேண்டும், அவற்றைப் பேட்டரியின் மேல் வைக்கவே கூடாது.

அமிலம் கண்ணில் பட்டால் முதல் சில நொடிகளே பார்வையைத் தீர்மானிக்கின்றன. கண் கழுவும் அமைப்பு பத்து நொடி நடையில் எட்டும் தூரத்தில், வழியில் தடையின்றி இருக்க வேண்டும். இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடங்கள் தொடர்ந்து ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுக்க வேண்டும். இன்னொருவர் 108க்கு அழைக்க வேண்டும். நம் ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் சித்திரை மாத நண்பகலில் கண்ணைத் திறந்து காட்ட முடியாத அளவுக்குச் சுடும். கண் கழுவும் குழாய்க்கான தொட்டியை நிழலில் வைத்து, குழாயையும் வெயில் படாமல் மூட வேண்டும். வாரம் ஒருமுறை திறந்துவிட்டுத் துருவும் பாசியும் போகும்வரை ஓடவிட்டுப் பார்ப்பதும் அவசியம்.

தரையில் சிந்திய அமிலத்தின் மேல், லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி, நுரைப்பது நிற்கும்வரை காத்திருந்து பிறகு கழுவலாம். சோடா செல்லுக்குள் போகக் கூடாது, கண்ணில் ஒருபோதும் விடக் கூடாது. அமிலத்தைத் தண்ணீரில் கலக்க நேரும் வேலையைத் தயாரிப்பாளரின் பணியாளர்களிடம் விடுவதே நல்லது. கலப்பவர் தண்ணீரில்தான் அமிலத்தை மெதுவாக ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பேட்டரியைத் தொட்ட கையோடு சாப்பிடவோ வெற்றிலை போடவோ கூடாது. ஈயம் உடலுக்குள் போகும் வழி பெரும்பாலும் அதுதான்.

தூக்கும்போது

மேலே கணக்கிட்ட 48 வோல்ட், 600 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு டன் அளவுக்கு எடை கொண்டது. நான்கு கொளுவிகளிலும் செங்குத்தாக இழுக்கும் தூக்குச்சட்டம் இல்லாமல், சங்கிலியைச் சாய்வாகப் போட்டுத் தூக்கினால் தொட்டி நசுங்கும். முனைகளின் மேல் ரப்பர் விரிப்பு போட வேண்டும். மாற்று பேட்டரியின் எடை, வண்டியின் பலகையில் குறித்துள்ள வரம்புக்குக் குறையக் கூடாது, ஏனெனில் பின்பக்க எதிர் எடையின் ஒரு பகுதி அந்தப் பேட்டரியே.

லித்தியம் வண்டி வந்தால்

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் மின்னேற்றத்தின்போது வாயு விடுவதில்லை, தண்ணீர் கேட்பதில்லை. அதனால் மேலே சொன்ன காற்றோட்டக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. எச்சரிக்கை வேறு வகையானது. அவற்றுக்குரிய சார்ஜர், பேட்டரிக்குள் உள்ள கண்காணிப்பு அமைப்போடு பேசிக்கொண்டே மின்னேற்றும். ஈய-அமில சார்ஜரை அவற்றில் மாட்டவே கூடாது; ஒரே கிடங்கில் இரண்டு வகையும் இருந்தால் கனெக்டர்களே பொருந்தாதபடி வேறுபடுத்த வேண்டும். கீழே விழுந்த, முள்கரம் குத்திய, வீங்கிய, வெள்ளத்தில் மூழ்கிய லித்தியம் பேட்டரியை மீண்டும் சார்ஜரில் போடாமல், கட்டடத்திற்கு வெளியே திறந்த இடத்தில் தனியாக வைத்து நிறுவனத்தை அழைக்க வேண்டும். உள்ளே வெப்பம் கட்டுமீறினால் எரியும் நச்சு வாயுக்கள் வெளிவரும்; அணைத்த பிறகும் மீண்டும் பற்றும். அதைக் குளிர்விக்க மிக அதிகத் தண்ணீர் தேவைப்படும் என்பதால், ஆட்களை வெளியேற்றி, தீயணைப்புத் துறையிடம் இது லித்தியம் பேட்டரி என்று முதல் அழைப்பிலேயே சொல்ல வேண்டும்.

பழைய பேட்டரிகளைக் காயலான் கடைக்கு எடை போட்டு விற்பது இன்றும் நடக்கிறது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் ஈய-அமிலம், லித்தியம் ஆகிய இரண்டு வகைக்கும் பொருந்தும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ தயாரிப்பாளரிடமோதான் ஒப்படைக்க வேண்டும். எடுத்துச் செல்லும் வரை அவற்றை நிமிர்த்தி, முனைகளை மூடி, அமிலம் தாங்கும் தட்டின் மேல், மழை படாத இடத்தில் வைத்து, ஒப்படைத்த ரசீதை மின்னேற்றப் பதிவேட்டோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும்.